அம்மா இருக்கும் வீடு

சனிக்கிழமைகளில் கண்ணாடிக் கடை மதியத்தோடு மூடிவிடும். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை அணைத்து, மேசையில் படிந்த வெள்ளைத் தூளைத் துடைத்துவிட்டு, சுண்டு நேரே அண்ணி வீட்டுக்குப் பேருந்து ஏறுவாள். சுண்டெலி மாதிரி இருக்கிறாள் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் அது. இப்போது அவள் அண்ணனைவிட உயரம். பெயர் மட்டும் வளராமல் அங்கேயே நின்றுவிட்டது.

அம்மாவைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் பேர். ஆனால் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் அவளுக்கு முதலில் வருவது அம்மாவின் ஞாபகம் அல்ல. வயிற்றுக்குள் ஏதோ சின்னதாகக் கடுகடுக்கத் தொடங்கும்.

வீட்டின் முன்னறைதான் அண்ணியின் பார்லர். பெண்களுக்கு மட்டும். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு சுழல் நாற்காலிகள். அதில் ஒன்று உட்கார்ந்த ஆளின் கனம் தாங்காமல் மெல்ல மெல்ல இறங்கும். முடிவெட்டி முடிப்பதற்குள் அண்ணி கிட்டத்தட்ட மண்டி போட்டுவிடுவாள். மூலையில் தலை அலசும் தொட்டி. கப்பல் இயந்திர அறையில் வேலை பார்க்கும் அண்ணன், லீவில் வந்த ஒரு வாரத்தில் தன் கையாலேயே குழாய் போட்டுக் கொடுத்திருந்தான். கப்பலை ஓட்டத் தெரிந்தவனுக்கு அந்தக் குழாய் மட்டும் பிடிபடவில்லை. சிவப்புக் குமிழைத் திருகினால் குளிர்ந்த தண்ணீரும், நீலத்தைத் திருகினால் வெந்நீரும் வரும். வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சுண்டுதான் ஒவ்வொரு முறையும் கையைச் சுட்டுக்கொள்வாள்.

பார்லரைத் தாண்டினால் ஒடுக்கமான நடை. ஒரு பக்கம் துண்டுகள் அடுக்கிய அலமாரி. மறுபக்கம் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதன் மேல் தொலைபேசி. அந்த மேசைக்குப் பின்னால்தான் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

அம்மா முப்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் யாரை யாரோடு பேசவைப்பது என்று கம்பி மாற்றி மாற்றிக் குத்தியவள். ஓய்வு பெற்று, அப்பாவும் போன பிறகு, அண்ணன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். அவன் வருடத்தில் பாதிக்கு மேல் கடலில். ஆகவே உண்மையில் அங்கே இருப்பது அம்மாவும் அண்ணியும்தான். அப்போது சுண்டுவும் அவள் கணவனும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அம்மா எங்களோடு இருக்கட்டும் என்று சொல்ல வாயே எழவில்லை.

"வணக்கம், சொல்லுங்க," என்பாள் அம்மா தொலைபேசியை எடுத்து. இரண்டே சொல். ஆனால் அந்தக் குரலில் ஒரு வழவழப்பு இருக்கும். அதைக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் தானாக நிமிர்ந்து உட்காருவார். "வியாழக்கிழமை காலையா? காலையில கூட்டம். மதியம் வாங்க, நிம்மதியா செஞ்சுக்கலாம்." சொல்லிக்கொண்டே சுண்டுவைப் பார்த்து உட்காரு என்று கண்ணால் காட்டுவாள். சுண்டு உட்காருவாள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில்.

அதுதான் அவளுக்குப் பொறுக்காது. தன் அம்மாவைப் பார்க்க வந்து, தலைமுடி வெட்டிக்கொள்ள வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பது.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் முடி வெட்டிக்கொண்ட பெண் எழுந்து போனதும் அண்ணி நடைக்குள் தலையை நீட்டி, "அத்தை, இன்னும் கொஞ்சம் போயாச்சு," என்றாள்.

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "போறப்பவாவது போதும்னாளா?"

"வாசல்ல நின்னுகிட்டு, பின்னாடி இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமோன்னா!"

எவ்வளவு வெட்டினாலும் இன்னும் கொஞ்சம் என்று கேட்கிறவளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது என்று சுண்டுவுக்குப் புரிய சற்று நேரமானது. புரிந்து அவளும் சிரித்தபோது மற்ற இருவரும் சிரித்து முடித்திருந்தார்கள். தனியாகக் கேட்ட தன் சிரிப்பு அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போய் டீ போட்டாள். அம்மாவுக்கு எப்போதும்போல இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். அண்ணி கைதுடைத்துக்கொண்டே உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை சர்க்கரையை விட்டு ரொம்ப நாளாச்சே, சுண்டு."

"எப்போ விட்டாங்க?"

"போன மழைக்காலத்துலயே. டாக்டர் சொல்லல, அவங்களே விட்டுட்டாங்க. நான் வேற போட்டுக் கொடுத்துடறேன், நீ போய் உக்காரு."

நீ போய் உட்காரு. விருந்தாளியிடம் சொல்வதுபோல. சுண்டு அந்தச் சர்க்கரை டீயைத் தானே குடித்தாள். தொண்டை வரை இனித்தது, நெஞ்சுக்குக் கீழே எரிந்தது.

பிறகு அம்மாவின் அறைக்குள் போனாள். ஜன்னலில் புதுத் திரை. மஞ்சள்.

"என்னம்மா இது, உனக்குத்தான் மஞ்சளே பிடிக்காதே?"

"யார் சொன்னா? எனக்குப் பிடிக்குமே," என்றாள் அம்மா. "அப்பாவுக்குத்தான் பிடிக்காது. கண்ணு தச்சுக் கொடுத்தா."

கண்ணு என்று அவள் சொன்னது அண்ணியை. சுண்டு பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவளைத்தான் அம்மா கண்ணு என்று கூப்பிட்டிருந்தாள். எப்போது அந்தச் சொல் கைமாறியது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட கற்றுக்குட்டிகளைக் காப்பாற்றிக் காப்பாற்றி, பேச்சு வேகமெடுக்கும்போதெல்லாம் அவன் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தும்.

"எங்கம்மாவைச் சம்பளமில்லாத வேலைக்காரியா வச்சிருக்கா," என்றாள் சுண்டு. "காலையில இருந்து போன் போன் போன். அந்தச் சாய நாத்தத்துல உக்காந்து இருமிகிட்டே இருக்காங்க. கேக்க ஆளில்ல!"

"இருமினாங்களா?"

"ரெண்டு தடவை இருமினாங்க."

அவன் கால் பிரேக்கை அழுத்தியது. "நமக்குத்தான் இப்ப ரெண்டு ரூம் இருக்கே. கூப்பிட்டுப் பாரேன்," என்றான். "ஆனா அவங்களைக் கேளு. தீர்ப்பு மாதிரி போய்ச் சொல்லாதே."

அவர்கள் இந்த வீட்டுக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. மூன்றாவது மாடி, பால்கனி, அமைதியான தெரு. இரண்டாவது அறையில் அம்மாவுக்கென்று கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். அதில் இதுவரை உட்கார்ந்தது இஸ்திரி போட்ட துணிகள் மட்டும்தான்.

அடுத்த வாரம் போனதும் தீர்ப்பு மாதிரிதான் சொன்னாள். சமையலறையில், அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, அம்மா துடைத்து வைத்துக்கொண்டிருக்க.

"அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். அந்தச் சாயம், ஸ்ப்ரே எல்லாம் அவங்க நெஞ்சுக்கு ஒத்துக்கல. எங்க வீட்ல நல்ல காத்து வரும்."

அண்ணியின் கை தண்ணீருக்கடியில் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "அத்தை இஷ்டம்," என்றாள், திரும்பாமல்.

அம்மா துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். மகளைப் பார்த்தாள், மருமகளின் முதுகைப் பார்த்தாள். "சரி," என்றாள் கடைசியில். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

ஜெயித்துவிட்டேன் என்று சுண்டுவுக்கு உள்ளே ஒரு குரல் கூவியது. பையைத் தூக்கிக்கொண்டு பார்லர் வழியாக வெளியே வரும்போது, சுவர்க் கண்ணாடியில் அம்மா தன் பின்னால் நடந்து வருவதைப் பார்த்தாள். அண்ணி வாசல்வரை வரவில்லை.

முதல் வாரம் சுண்டு பறந்துகொண்டிருந்தாள். கடையில் இரண்டு நாள் லீவு சொன்னாள். மஞ்சள் திரை வாங்கி மாட்டினாள். சர்க்கரையில்லாத டீ போட்டுக் கொடுத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

கட்டில், நல்லா இருக்கு. சாப்பாடு, நல்லா இருக்கு. பால்கனி, நல்லா இருக்கு, நல்ல காத்து. அம்மா காலையில் எழுந்ததும் போர்வையை ஓட்டலில் மடித்து வைப்பதுபோல மூலை சேர்த்து மடித்துவைத்தாள். குடித்த கோப்பையை உடனே கழுவிக் கவிழ்த்தாள். டிவி போடுவதற்கு முன் "போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். மருமகன் வந்தால் எழுந்து நின்றாள். அவன் பதறிப்போய், "அத்தை, உக்காருங்க, நான் என்ன கலெக்டரா?" என்றான். அதற்கும் நல்லபடியாகப் புன்னகைத்தாள்.

சுண்டு கடையில் நடந்ததையெல்லாம் கதையாகச் சொல்லிப் பார்த்தாள். புதுக் கண்ணாடி வாங்கிய ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகத் தன் மனைவியைப் பார்த்து, "நீ இப்படித்தான் இருப்பியா?" என்று கேட்டுவிட்டு அடி வாங்கின கதையை நடித்தே காட்டினாள். அம்மா சிரித்தாள். வந்த சிரிப்பு இல்லை, கொடுத்த சிரிப்பு. அந்த வித்தியாசம் மகளுக்குத் தெரியாதா?

ஒருநாள் தலைவலி என்று கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்தாள். மாடிப்படி ஏறும்போதே கேட்டது. குலுங்கிக் குலுங்கி வரும் சிரிப்பு, நடுவில் இருமல், மறுபடி சிரிப்பு. கதவைத் திறந்தாள். அம்மா பால்கனியில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, பச்சையாவா? தலை முழுக்கப் பச்சையா? நீ என்ன சொல்லிச் சமாளிச்சே?" கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். திரும்பியவள் சுண்டுவைப் பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கியது. "சரி கண்ணு, அப்புறம் பேசறேன். சுண்டு வந்துட்டா."

சுண்டு வந்துட்டா. வாத்தியார் வந்துட்டார் என்று பின்பெஞ்சில் சொல்வதுபோல.

"இங்க உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லம்மா."

"அப்ப என்கிட்ட ஏன் அப்படிச் சிரிக்கமாட்டேங்கிறே?"

அம்மா செல்போனை அணைத்தாள். "அங்க ஏதாவது நடந்துகிட்டே இருக்கும்," என்றாள் மெதுவாக. "சிரிப்பு வந்துடும்." பிறகு சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

பார்லருக்கு விடுமுறை திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் அண்ணி சுண்டுவின் எண்ணுக்கே அழைத்தாள்.

"நாளைக்கு வந்து அத்தையைப் பாத்துட்டுப் போகலாம்னு. உனக்குத் தொந்தரவு இல்லையே?"

"நாளைக்கா? நாங்க வெளியில போறோம் அண்ணி. காலையிலேயே கிளம்பிடுவோம்."

"சாயங்காலம் வந்துடுவீங்கல்ல?"

"சொல்ல முடியாது."

சொன்னது சொல்லியாயிற்று; பொய்யாகிவிடக் கூடாது. மறுநாளும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் அம்மாவை எழுப்பிக் கிளப்பினாள். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா, பூங்காவுக்கு" என்றாள்.

ஏரிக்கரைப் பூங்கா. திங்கட்கிழமை என்பதால் ஈ காக்காய் இல்லை. மிதி படகுகள் கரையோரம் சங்கிலியில் கிடந்தன. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படகுகளைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். வெயில் ஏறியதும் வேறு பெஞ்சுக்கு மாறினார்கள். ரொட்டி சாப்பிட்டார்கள். அம்மாவின் கண் சொக்கியது. மகளின் தோளில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினாள். அந்தக் கனம் தோளில் இருந்தவரை சுண்டு அசையவேயில்லை. எழுந்ததும் அம்மா, "போலாமா? கால் வலிக்குது," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள் சுண்டு. மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினார்கள். கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் அம்மா முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணை, துவைத்த உறையோடு. எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க மருமகளாமே? மதியத்திலேருந்து படியிலேயே உக்காந்திருந்தாங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், மாட்டேன்னுட்டாங்க. வர்றதா போன்ல சொல்லியிருந்தேன், வந்துடுவாங்கன்னாங்க. இப்பதான் போறாங்க."

அம்மா தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். "அவ வரேன்னு உன்கிட்ட சொன்னாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "சொன்னா," என்றாள் சுண்டு.

அம்மா திட்டவில்லை. கொஞ்ச நேரம் மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "பசிக்குது. இருக்கிறதை வை," என்றாள். சாப்பிட்டாள். கோப்பையைக் கழுவினாள். போர்த்திக்கொண்டு படுத்தாள்.

நாலு வார்த்தை வைது தீர்த்திருந்தால் சுண்டு அழுது தீர்த்திருப்பாள். அந்த மௌனத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தவிப்பெல்லாம் கோபமாகி அண்ணியின் பக்கம் திரும்பியது. வெளியில் போகிறோம் என்று சொன்ன பிறகும் வந்து படியில் உட்காருவதென்றால் என்ன அர்த்தம்? என்னை மாட்டிவைக்கத்தானே?

மறுநாள் வேலை முடிந்ததும் சண்டை போடுவதற்கென்றே பேருந்து ஏறினாள்.

பார்லருக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. பெஞ்சில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னதாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கும் நாற்காலியில் ஒருத்தி தலை நிறையச் சாயத்தோடு தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தரையில் வெட்டிய முடி பெருக்காமல் கிடந்தது. அண்ணி கையுறைக் கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றாள். மாடிப்படிக்குக் கீழே மேசை காலியாக இருந்தது. அதன் பின்னால் இருந்த நாற்காலியில் யாரும் ஒரு பையைக்கூட வைக்கவில்லை.

சண்டைக்காரிகளில் ஒருத்தி சுண்டுவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா எங்கங்க? அவங்க இருந்தா இப்படி ஆகுமா?"

எல்லாரும் போய் முடிய நேரமானது. அண்ணி கதவைச் சாத்தினாள். கையுறையை உருவிப் போட்டாள். சுண்டு வாயைத் திறப்பதற்கு முன் அவளே பேசினாள்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். வராதேன்னு சொல்லாம சொன்னே, ஆனாலும் வந்தேன். வந்தா என்ன? அவங்க முகத்தைப் பாக்கணும்போல இருந்தது, வந்தேன்."

"நேத்து முழுக்க எங்கம்மா முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சுட்டீங்க."

"எங்கம்மா!" என்றாள் அண்ணி. "அந்த ஒரு வார்த்தை போதும் உனக்கு. கூட்டிட்டுப் போறேன்னு வந்து நின்னே. நான் என்ன சொல்ல முடியும்? அனுப்பமாட்டேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? நாலு வருஷமா ஒரே வீட்ல, ஒரே சோறு. ஆனா நீ பொறந்தவ. நான் வந்தவ."

சுண்டு தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள்.

"நீ வர்ற சனிக்கிழமை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா? காலையில எழுந்ததும் தலை சீவி, நல்ல புடவை எடுத்துக் கட்டிக்குவாங்க. போன் எடுக்கிறப்பகூட வாசலையே பாப்பாங்க. இன்னிக்கு சுண்டு வருவா, அவளுக்கு இது பிடிக்கும், அவளுக்கு அது ஆகாது. நான் ஒருத்தி அங்க நிக்கிறதே அன்னிக்கு அவங்க கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அப்படியே வயிறு எரியும். அதான் நீ வந்ததும் ஏதாவது சொல்லி அவங்களைச் சிரிக்க வைப்பேன். வேணும்னே. உனக்குப் புரியாததா பாத்துச் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அண்ணி துடைப்பத்தை எடுத்து, மிகுந்த கோபத்தோடு தரையைப் பெருக்கினாள்.

சுண்டுவுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. இனித்தது. தலை சீவி, புடவை மாற்றி, வாசலைப் பார்த்து. அதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் இந்தக் கண்ணாடி முன்னால் பொருமியது தான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது, உள்ளங்கையில் ஒளித்து வைத்துத் தின்கிற மிட்டாய் மாதிரி இருந்தது. இரக்கம் பிறகுதான் வந்தது, அண்ணி குனிந்தபோது. அவள் சட்டையின் முதுகு முழுக்க வியர்த்து ஒட்டியிருந்தது.

"குப்பை முறம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் சுண்டு.

வீட்டுக்கு வந்து, அங்கே போயிருந்தேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்ட முதல் கேள்வி அண்ணியைப் பற்றியதே இல்லை.

"போனை யாரு எடுக்கிறா?"

"யாரும் எடுக்கல. அடிச்சுகிட்டே இருந்தது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், தன் உடம்பில் எங்கோ அடிபட்டதுபோல. "அடிச்சுகிட்டே இருந்ததா?" என்றாள். "எடுக்காம விட்டா வேற எங்கயாவது போயிடுவாங்களே. ஒருத்தரைக் காத்திருக்க வைக்கலாம், ஆனா குரல் கொடுத்துட்டுக் காத்திருக்க வைக்கணும். அவளுக்கு அது வராது. கை நல்ல கை. வாய்தான் பத்தாது."

"அம்மா, உனக்கு இங்க..."

"இங்க நல்லாதான் இருக்கு." அம்மா கட்டிலில் தட்டி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "பொய் சொல்லல. நீ பாத்துக்கிறே, மாப்பிள்ளை தங்கமான மனுஷன். ஆனா முப்பது வருஷம் ஊர்ல இருக்கிறவங்க குரலையெல்லாம் கேட்டு வாழ்ந்தவ நான். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் இங்க கேக்கிறது ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான். அதுவும் நடுநடுவுல நின்னுடுது."

சுண்டுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அவ என்னை வேலை வாங்கறான்னு நினைச்சே. அவ வாங்கல. நான்தான் பிடுங்கிக்கிட்டேன். முதல்ல அவளே எடுத்துப் பேசிகிட்டிருந்தா, கேக்கச் சகிக்கல."

"அப்ப நீயா கிளம்பிப் போயிருக்கலாமே? எதுக்கு இத்தனை நாள் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு..."

"நானா கிளம்பிப் போனா நீ ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "நீயே கூட்டிட்டுப் போய் விடு. அப்பதான் போவேன்."

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினார்கள். கணவன் பயிற்சிக் காரையே கொண்டுவந்தான். கூரையில் ஓட்டுநர் பள்ளியின் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் ‘L’ எழுத்து. வழியில் எல்லா வண்டியும் பயந்துகொண்டு ஒதுங்கி வழிவிட்டன. அம்மா பின்னிருக்கையில் தலையணையோடு ராஜ மரியாதையில் உட்கார்ந்து வந்தாள். "அவ வீட்டுப் பக்கம் ரோடு மோசம், மெதுவாப் போங்க," என்று அவள் சொல்லச் சொல்ல, சுண்டுவுக்கு ஒவ்வொரு தெருவும் கொஞ்சம் கொஞ்சமாக எதையோ கழற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது. திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள். நினைத்ததைக் கணவன் எப்படித்தான் கண்டுகொண்டானோ, பிரேக்கில் கால் வைத்து அவளைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

பார்லரில் கூட்டமாக இருந்தது. அம்மா நுழைந்ததும் பெஞ்சில் இருந்த மூன்று பெண்களும் ஒரே குரலில் "அம்மா!" என்றார்கள். அண்ணி கத்தரிக்கோலோடு திரும்பினாள். அவள் முகத்தில் வந்ததைச் சுண்டு பார்க்க விரும்பவில்லை, ஆனால் சுவர் முழுக்கக் கண்ணாடி, எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரிந்தது. அதற்குள் தொலைபேசி அடித்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடைக்குள் ஓடினாள்.

"வணக்கம், சொல்லுங்க."

சுண்டு பையோடு வாசலில் நின்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. சரி, கொண்டுவந்து விட்டாயிற்று, போய்விடலாம் என்று பையைக் கீழே வைத்தபோது அண்ணி கூப்பிட்டாள்.

"சுண்டு, கொடியில துண்டெல்லாம் காஞ்சு கிடக்கு. கொஞ்சம் எடுத்து மடிச்சுத் தர்றியா? எனக்குக் கை ஒழியல."

அந்த வீட்டில் இதுவரை யாரும் அவளிடம் ஒரு வேலை சொன்னதில்லை. கணவனைப் போகச் சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய்த் துண்டுகளை அள்ளி வந்தாள். அம்மாவின் மேசைக்கு எதிரே அலமாரியின் பக்கத்தில் நின்று மடிக்க ஆரம்பித்தாள்.

அம்மா பேசிக்கொண்டே பார்த்தாள். பேச்சு நின்றது. தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள்.

"ஏண்டி, இப்படியா மடிப்பே? நீளவாக்குல மடிச்சுச் சுருட்டணும். இப்படி வச்சா அலமாரி கொள்ளுமா? எத்தனை தடவை சொல்றது உனக்கு, எருமை!"

ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் சுண்டு அதைச் சொல்லவில்லை. இத்தனை நாளும் நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கும்மா என்று கேட்டுக் கேட்டுக் காய்ந்த காதில் அந்த எருமை வந்து விழுந்தபோது அவளுக்கு உடம்பே ஒரு சுற்றுப் பெருத்தது.

கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தாள். கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றிருந்தது. அண்ணியை அம்மா கண்ணு என்பாள், ராசாத்தி என்பாள். எருமை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணியின் முகத்தில் ஓடிய அந்தச் சின்னக் கடுகடுப்பைச் சுண்டு நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டாள்.

துண்டைப் பிரித்து, அம்மா சொன்னபடியே நீளவாக்கில் மடித்துச் சுருட்டி வைத்தாள். பிறகு அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அடுத்த துண்டைக் கோணலாக மடித்தாள்.